மோட்டார்தான் என்று எழுது

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. போகும்போது, "யாரும் எனக்கு எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த "யாரும்" என்பதில் நானும் சேர்த்தியா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்கள் சுரங்கப்பாதை முகாமில் கைபேசி எடுக்காது, மளிகை வண்டியோடுதான் தபால் வரும் என்று உன் கூட்டாளி வெல்டர் விடுப்பில் வந்தபோது அம்மாவிடம் சொன்னார். முகவரியும் அவர் கொடுத்ததுதான். அவரைத் திட்டாதே.

இன்று காலை செல்போன் டவர் மேட்டுக்கு, ஜெனரேட்டருக்கான டீசல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனேன். ஆமாம், வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். நீ போன பிறகு அப்பா வைத்த டிரைவர் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டார். அப்பாவின் கணுக்கால் இன்னும் மடங்கவில்லை; கிளட்சை மிதிக்க முடியாது. நீ விரட்டி விரட்டி என்னை லைசென்ஸ் எடுக்க வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. கணக்கில் பட்டம் வாங்கியவள் பீப்பாய் உருட்டுகிறாள் என்று தெருவில் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். அதுதான் சுலபமாக இருக்கிறது.

நேற்று பகல் முழுக்க மழை. இரண்டாவது வளைவில், உனக்கும் அப்பாவுக்கும் அது நடந்த அதே இடத்தில், பின்சக்கரங்கள் சேற்றில் சும்மா சுழன்றன. நிறுத்திவிட்டு ஃபோர் வீலுக்கு ஸ்விட்சைத் திருப்பினேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைத்து எரியவில்லை. முன்சக்கரங்களும் சேர்ந்துகொண்டதற்கு அடையாளமாக அடியிலிருந்து ஒரு "டொக்" வருமே, அது வரவில்லை. மறுபடி திருப்பினேன். விளக்கு மினுக்கியது. மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னது இதைத்தான். "திருப்பினேன். விளக்கு மினுக்குச்சு. சத்தம் வரல. வண்டி தானா பின்னால சரிஞ்சுடுச்சு." அப்பா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, நர்சுகள் முன்னால், "பொய் சொல்றான். நான் சக்கரத்துக்குக் கல் வெச்சுக்கிட்டு பின்னாலதானே நின்னேன்? திருப்பியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றார். பிறகு பட்டறையில் திருப்பிப் பார்த்தபோது முதல் தடவையே "டொக்" என்று விழுந்து தொலைத்தது. அதோடு எல்லாம் முடிந்துபோயிற்று.

நான் வளைவு வளைவாகப் பின்னாலேயே இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன்.

"நீ சரியா திருப்பியிருக்க மாட்டே."

"திருப்பினேம்ப்பா."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

டவர் கம்பெனி மேற்பார்வையாளர் போன் செய்தார். இந்தத் தடவை டிராக்டர் பிடித்து ஏற்றிக்கொள்கிறாராம். மழைக்காலம் முழுக்க இப்படி என்றால் வேலையையே டிராக்டர்காரருக்குக் கொடுத்துவிடுவாராம். மரியாதையாகத்தான் சொன்னார்.

வண்டியில் நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வானிலை அலுவலகத்தில் இன்டர்வியூ இருந்தது. போய் வந்தேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

உன் தங்கை

--

ஜூன் 13

பென்சிலுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னது உனக்கில்லை. உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். படித்தவள்.

நான் உன் கடிதத்தைப் படிக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று வெல்டர் கேட்டான். "வண்டிக்கு" என்றேன்.

நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நீ நம்பினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். எப்போதும் அப்படித்தான் நிற்பாய், போட்டோ எடுக்க வந்தவள் மாதிரி. அங்கே நின்றவர்களில் ஒரு ஆளாவது "பையன் சொல்றதையும் கேளுங்க" என்று சொல்லியிருந்தால் நான் இந்தப் பொந்துக்குள் கல் அள்ளும் டம்பர் லாரி ஓட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி. முதலில் ஃபியூஸைப் பார். பிறகு வண்டிக்கு அடியில் போ. கியர் பெட்டிக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும், முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு டம்ளர் அளவில் ஒரு மோட்டார் இருக்கும். ஸ்விட்சைத் திருப்பினால் அந்த மோட்டார்தான் சுற்றி, உள்ளே இருக்கிற தண்டைத் திருப்பிவிடும். அதன் பிளக்கைப் பிடுங்கித் துடைத்து மாட்டிப் பார். அப்புறமும் இதே கதை என்றால் மோட்டார் போய்விட்டது. மாற்றத்தான் வேண்டும். நான் மெக்கானிக் இல்லை. பாதி வெல்டர் சொன்னது. அவன் சொல்வதில் பாதி அளப்பு.

கழற்றுவதற்கு முன் பேட்டரி வயரை எடுத்துவிடு. சக்கரங்களுக்குக் கட்டை கொடு. கொடுத்துவிட்டு இன்னொரு தடவை பார்.

ஒரே ஒரு நிபந்தனை. கழற்றும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கழற்றியதும் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கொடு. அது ஓடாது. ஓடாததை அவர் தன் கண்ணால் பார்க்கட்டும். அவர் பார்க்காமல் வேறு மோட்டாரை மாட்டினால் வண்டி சரியாகிவிடும், நான் பொய்யனாகவே இருந்துவிடுவேன்.

இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள்? நீ வாயைத் திறந்தாயா?

அண்ணன்

--

ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்டர்வியூவில் வாயைத் திறந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் மட்டும்தான் கேட்டார். மழை அளவில் ஒரு மாதக் கணக்கு விட்டுப்போயிருந்தால் என்ன செய்வாய் என்றார். பக்கத்து நிலையங்களின் அளவை வைத்து மதிப்பிடலாம், ஆனால் அது மதிப்பீடு என்று எழுதிவைக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார். ஆர்டர் வந்துவிட்டது, அண்ணா. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் சேர வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பகல் ரயில் பயணம். அம்மா ஆர்டரை எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் தன்னோடு வேலை செய்யும் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்; ஓரத்தில் சோப்பு வாசனையோடு திரும்பி வந்திருக்கிறது. என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இனி மோட்டார். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பிளக்கைத் துடைத்தும் பார்த்தேன். மேட்டுப் பாதையின் தொடக்கத்தில் விளக்கு பழையபடியே மினுக்கியது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். அப்பாவிடம் உன் நிபந்தனையைச் சொல்லவில்லை, "பக்கத்துல இருங்கப்பா, ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஆள் வேணும்" என்று மட்டும் சொன்னேன். நாற்காலியைப் போட்டு, காலை ஒரு காலி பீப்பாயின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே அடுத்த ஸ்பேனர் வந்துவிடும். கண்ணில் காய்ந்த சேறாக விழுந்தது. கீழ் போல்ட்டுகள் சுலபம். மேல் போல்ட் கண்ணுக்கே தெரியவில்லை, பெட்டிக்கும் தளத்துக்கும் நடுவில் கை மட்டும்தான் போகும். அம்மாவின் சின்னக் கண்ணாடியை வாங்கி, பிடித்துப் பார்த்துத் திருகினேன். "எனக்கு முகம் பாக்கத்தான் நேரமில்ல, வண்டியாவது பாத்துக்கட்டும்" என்றாள் அம்மா.

மோட்டார் ஒரு ஆட்டம் ஆட்டியதும் கையோடு வந்துவிட்டது. சேறும் துருவுமாக இருந்தது. வாசல் திண்டின் மேல் டம்ளர் மாதிரி நிமிர்த்தி வைத்தேன். பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களைக் கொண்டுவந்து அதன் முனைகளில் தொட்டேன். அப்பா குனிந்து பார்த்தார்.

ஓடியது, அண்ணா. விர்ரென்று சுற்றியது. வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்றியது.

அப்பா ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஓடுதே" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. அதை நீ நம்ப வேண்டும். அது ஓடாமல் இருந்திருக்கலாமே என்று அவருக்கும் இருந்திருக்கிறது.

மேட்டில் எனக்கு அது ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். வேறு என்ன சோதிக்கலாம் என்று வெல்டரிடம் கேட்டு எழுது.

உன் தங்கை

--

ஜூன் 27

ஓடுகிற மோட்டாரைக் கழற்றிக் காட்டி என்னை இரண்டாவது தடவை பொய்யனாக்கியாயிற்று. கழற்றச் சொன்னவன் நான்தான், உன் மேல் கோபமில்லை.

இனி வண்டி விஷயம் எழுதாதே. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. வேலை கிடைத்ததில் சந்தோஷம். வெல்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான், என் கணக்கில்.

--

ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. படி ஏறும்போது திட்டுகிறாள், இறங்கும்போது திட்டுவதில்லை.

வண்டி விஷயம் எழுதாதே என்றாய். இது வண்டி விஷயம் இல்லை என்று நினைத்துக்கொண்டு படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

கழற்றிய மோட்டார் சமையலறை ஜன்னல் ஓரத்திலேயே கிடந்தது. தூக்கிப் போடவும் இல்லை, திரும்ப மாட்டவும் இல்லை. அப்பா தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், வைப்பார். நேற்றுக் காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார், மற்றக் கையில் மோட்டார்.

"இது வண்டியில எப்படி உக்காந்திருந்துச்சு?"

"ட்ரான்ஸ்ஃபர் கேஸ் விலாவுலப்பா."

"அது தெரியும். படுத்திருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

படுத்திருந்தது. நான் சோதித்தபோது நிமிர்த்தி வைத்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா அதன் மேலிருந்த சேற்றைக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் சேறு கெட்டியாக ஏறியிருந்தது, எதிர்ப்பக்கம் சுத்தமாக இருந்தது. "சேறு இருக்கற பக்கம் கீழ்ப்பக்கம்" என்றார். துணி வாளியை அப்படியே வைத்துவிட்டு பேட்டரியைக் கொண்டுவந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, மோட்டாரைச் சேற்றுப் பக்கம் கீழாகப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டார். எந்த முனை வண்டியின் முன்பக்கம் என்று என்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"இது சமதரை. குடு."

வயரைத் தொட்டேன். விர்ரென்று ஓடியது.

"இது பட்டறை" என்றார். பிறகு முன்முனையை மெதுவாக மேலே தூக்கினார். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நிற்குமே, அந்தச் சாய்வுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே ஏதோ சரிந்தது. சின்னச் சத்தம்தான், ஓட்டுக்குள் விதை ஆடுகிற மாதிரி.

"இது ரெண்டாவது வளைவு. குடு."

தொட்டேன். ஒன்றும் இல்லை. வயர் மட்டும் சூடானது.

"மறுபடி குடு."

ஒன்றும் இல்லை. சமமாக்கி, லேசாகத் தட்டினார், ஓடியது. தூக்கினார், நின்றது. அப்பா நிறுத்தவே இல்லை, அண்ணா. சமதரை, மேடு, சமதரை, மேடு என்று தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தார். வயரைப் பிடிக்க முடியாமல், "போதும்ப்பா, கை சுடுது" என்று நான் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

மூடியைத் திறந்து பார்த்தோம். உள்சுவரில் வளைந்த காந்தத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று பசை விட்டுப் பெயர்ந்து கிடந்தது. வண்டி மேட்டில் சாய்ந்தால் அது சரிந்துபோய் நடுவில் சுற்றுவதைக் கவ்விக்கொள்கிறது. சமதரையில் விலகி வழிவிடுகிறது. அதனால்தான் உனக்கு ஓடவில்லை, பட்டறையில் ஓடியது, எனக்கு ஓடவில்லை, திண்டின் மேல் ஓடியது.

அப்பா ஆயுசு முழுக்க லீவர் போட்ட வண்டி ஓட்டியவர். தள்ளினால் விழுந்ததா இல்லையா என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். இந்த வண்டியில் கைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் காதை நம்பினார். அன்று அவர் காதுக்குச் சத்தம் வரவில்லை என்பதும் நிஜம், நீ திருப்பினாய் என்பதும் நிஜம்.

வெகுநேரம் அந்தக் காந்தத்தை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எழுது" என்றார்.

"என்னன்னுப்பா?"

"மோட்டார்தான்னு எழுது."

எழுந்திருக்க ஊன்றுகோலை எடுத்தபோது காந்தம் அதன் இரும்புக் குழாயில் போய் ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் போடவில்லை. அதோடேயே உள்ளே நடந்து போனார்.

ஆகஸ்ட் முதல் தேதியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா மட்டும் என் பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்தாள். மழை வந்ததும் உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

உன் தங்கை

--

ஜூலை 11

பென்சிலுக்கு,

மோட்டார்தான் என்று எழுதச் சொன்னாரா, மோட்டார்தான் போலிருக்கு என்று எழுதச் சொன்னாரா? நீ யாரையும் நோகடிக்காமல் எழுதுகிறவள், அதனால் கேட்கிறேன்.

இத்தனை மாதம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்ததும் ஆட்டம் போடுவேன் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டம்பரை உள்ளே விட்டேன். கல் ஏற்றினேன், வெளியே கொட்டினேன், மறுபடி உள்ளே போனேன். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது டம்பரை அணைக்கவே மறந்துவிட்டேன். சாப்பிடாமல் ஓட்டியதால்தான் என்றான் வெல்டர். இருக்கும்.

அவர் கையில் பிடித்துத் தூக்கிக் காட்டியதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபம் இருந்தால் இங்கே இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இருந்தாலும் நான் வருவதாக இல்லை. நர்சுகள் முன்னால் சொன்னதை உன் கையெழுத்தில் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அவரே எழுதட்டும். ஒரு வரி போதும். மேஸ்திரி என்னை வருஷக் கடைசி வரை இருக்கச் சொல்கிறார். இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

வண்டிக்குத்தான் நீ இருக்கிறாயே. நீ எழுதுவதைப் பார்த்தால் என்னைவிட நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறாய். இனி எனக்கு அந்தக் கவலை இல்லை.

மோட்டாரைப் பழைய சாமான் கடையில் பார். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதே.

வேலை விஷயம் என்ன முடிவு செய்தாய்? உன் படிப்புக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று.

அண்ணன்

--

ஜூலை 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

"மோட்டார்தான்" என்றுதான் சொன்னார். போலிருக்கு என்று சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே பழைய சாமான் கடைக்குப் போனேன். செத்த மோட்டாரை என் காலேஜ் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடையில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், உனக்குத் தெரியும் என் சங்கதி. கடைக்காரர் என்னைப் பேசவே விடவில்லை. "என்னம்மா, கைக்குழந்தைய அணைக்கற மாதிரி அணைச்சுக்கிட்டு வர்ற, குடு பாப்போம்" என்று வாங்கிப் பார்த்தார். இடித்து நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து அதே ஜாதி மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். அதை அங்கேயே படுக்க வைத்து, நிமிர்த்தி, சாய்த்து, எல்லாப் பக்கமும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். "மோட்டார் வாங்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?" என்றார்.

மாட்டும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மோட்டார் உட்காரவே இல்லை. ஒரு விரல் இடைவெளி விட்டுக்கொண்டு நின்றது. போல்ட்டை முறுக்கினால் இழுத்துக்கொள்ளும் என்றார் அப்பா, நானும் முறுக்கப் போனேன். ஏதோ தப்பாகப் பட்டது. கையை எடுத்துவிட்டு, அம்மாவின் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுக்கு ஒரு பக்கம் தட்டை. மோட்டாரின் குழியிலும் அதே மாதிரி ஒரு தட்டை. இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. நசுங்கிய வண்டி ஃபோர் வீலில் இருந்தபோது நின்றுபோயிருக்கும், நம் வண்டி சாதாரண ஓட்டத்தில் நின்றது. முறுக்கியிருந்தால் உடைந்திருக்கும். மோட்டாருக்குத் தொட்டுத் தொட்டு பேட்டரி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வைத்து, தட்டைகள் ஒரே பக்கம் வந்ததும் தள்ளினேன். சுலபமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். முதுகு ஈரமாக இருந்தது, எழுந்திருக்க மனம் வரவில்லை. "என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார் அப்பா.

நேற்று பீப்பாய்களோடு மேட்டுக்குப் போனோம். அப்பாவும் வந்தார். இரண்டாவது வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இந்தத் தடவை வண்டிக்குப் பின்னால் போகவில்லை; பக்கவாட்டில், பாறையை ஒட்டி நின்றார். "திருப்பு" என்றார். திருப்பினேன். அடியில் விர்ரென்று ஒரு முனகல், பிறகு "டொக்". பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. வண்டியின் விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "விழுந்துடுச்சு" என்றார். ஆனால் ஏறவில்லை. அங்கேயே நின்று, தன் காலுக்குக் கீழே இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹாரன் அடிக்கவில்லை. அவராக வந்து ஏறிய பிறகு போனோம். சேறு நான்கு சக்கரத்திலும் பறந்தது. டவர் தொட்டியை நிரப்பிவிட்டு வந்தோம். மேற்பார்வையாளர், "சரிம்மா, மழைக்காலத்துக்கு நீங்களே பாத்துக்கங்க" என்றார். நீங்களே என்று அவர் சொன்னபோது என்னைத்தான் பார்த்தார்.

அண்ணா, "வண்டிக்குத்தான் நீ இருக்கிறாயே" என்று நீ எழுதிய வரியைப் பஸ்ஸில் மறுபடி படித்தேன். மடித்து வைத்தேன். நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அப்பாவும் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்வதில்லை. "நீ வேலைக்குப் போம்மா, இங்க நான் பாத்துக்கறேன்" என்கிறார். போன வாரம் வாசலில் வண்டி குலுங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தக் காலால் கிளட்சை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் போகவில்லை. முகமெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு வரி எழுதும்படி அவரிடம் தாளும் பேனாவும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். காலையில் தாள் வெறுமையாகத் திரும்பி வந்தது. அவருக்கு எழுத வராது என்றில்லை, அது உனக்கே தெரியும். பிறகு ஊன்றுகோலில் இத்தனை நாள் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்து என் கையில் வைத்து, "இதையும் போட்டு அனுப்பு" என்றார். அந்த வெறும் தாளிலேயே சுற்றி வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரி, ஓரம் கூர்மையாக இருக்கிறது.

அந்த வராந்தாவில் நான் உன்னை நம்பினேனா என்று கேட்டாய். நம்பினேன். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வேண்டியதைச் சொல்லவும் எப்போதும் வாய் வந்ததில்லை. முதல் கடிதத்திலிருந்து இதை எழுத நினைத்து, ஒவ்வொரு தடவையும் மோட்டாரைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன்.

நீ அப்பாவுக்காக வர வேண்டாம். அவரை மன்னித்தாயா என்று நான் கேட்கப்போவதும் இல்லை. அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், பேசாமல் இருந்தாலும் சரி. நான் களைத்துப்போயிருக்கிறேன், அண்ணா. இன்னொரு மழைக்காலம் இந்த வண்டியை ஓட்டினால் நன்றாகவே ஓட்டக் கற்றுக்கொண்டுவிடுவேன், பிறகு யாரும் என்னை விடமாட்டார்கள், நானே என்னை விடமாட்டேன். முப்பத்தோராம் தேதி காலை ரயில். அதற்குள் ஒரு நாள் வந்து, வண்டிச் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்.

உன் தங்கை